லயன் வீட்டு அடுப்பும் மின்சாரக் குக்கரும்

தீபாவளி முற்பணம் கைக்கு வரும் காலத்தில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய நகரங்களின் கடைத்தெருக்களில் புடைவைக் கடைகளைப் போலவே வீட்டுப் பாவனைப் பொருட்களை விற்கும் கடைகளிலும் கூட்டம் சேர்வது வழமை. அலுமினியப் பிரெஷர் குக்கர்கள் நெடுங்காலமாக இடம்பிடித்திருந்த அக்கடைகளின் தட்டுகளில் இப்பொழுது பொத்தான்களும் இலக்கத் திரையும் கொண்ட மின்சாரப் பிரெஷர் குக்கர்களும் வந்து அமர்ந்துள்ளன. அடுப்பில் வைக்கும் பழைய குக்கரை வாங்குவதா, மின்சாரத்தில் இயங்கும் புதியதை வாங்குவதா என்ற கேள்வி தோட்டக் குடும்பங்களிடையேயும் எழுந்துள்ளது. முற்பணம் என்பது மாதந்தோறும் சம்பளத்திற் கழிக்கப்படும் கடன். அதில் வாங்கும் பொருள் பயன்படாமற் போனால் அந்த நட்டம் ஒரு வருடத்துக்குத் தொடரும். ஆகவே இது சிறிய கேள்வியன்று.

இக்கேள்விக்குப் பொதுவாகக் கூறப்படும் விடைகள் கொழும்பு போன்ற நகரங்களின் சமையலறைகளை மனதிற்கொண்டு கூறப்படுபவை. எரிவாயு அடுப்பும், போதுமான மின்செருகித் துளைகளும், தனியான மின்மானியும் இருக்கும் வீட்டில் இரண்டு குக்கர்களுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் வசதியையும் விருப்பத்தையும் பொறுத்தது. மலையகத்தின் நிலை வேறு. இங்கு நிலத்தின் உயரம், அடுப்பில் எரியும் விறகு, லயன் அறைகளின் மின்கம்பியமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே விடையைத் தீர்மானிக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாக விளக்குவது பயனுடையது என நாம் கருதுகின்றோம்.

முதலில் உயரத்தை எடுத்துக்கொள்வோம். கடல்மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்பது பாடசாலையிற் கற்பிக்கப்படுவது. உயரம் கூடக்கூட வளிமண்டல அமுக்கம் குறைகின்றது. அமுக்கம் குறையும்போது நீர் கொதிக்கும் வெப்பநிலையும் குறைகின்றது. ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை குறையும் எனக் கொள்ளலாம். கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. சுமார் 1,270 மீற்றர் உயரத்திலுள்ள ஹட்டனில் அது ஏறத்தாழ 96 பாகை. திறந்த பானையின் கீழ் எவ்வளவு விறகை அடுக்கினாலும் நீரின் வெப்பம் அதற்கு மேற் செல்லாது. மேலதிக நெருப்பு நீரை விரைவாக ஆவியாக்குமே தவிர, பருப்பை விரைவாக வேகவைக்காது.

இந்த உண்மையை அறியாதவர்கள் பாத்திரத்தைக் குறைகூறுவது புதிதன்று. 1835 ஆம் ஆண்டில் தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடரைக் கடந்து சென்ற இயற்கையியலாளர் சார்ள்ஸ் டார்வினின் குழுவினர், பல மணி நேரம் கொதிக்கவைத்தும் உருளைக்கிழங்கு வேகாததைக் கண்டனர். பானை புதியதாகையால் அதுதான் ஒத்துழைக்க மறுக்கின்றது என்ற முடிவுக்கு அவருடன் சென்றவர்கள் வந்ததாக அவர் தமது பயண நூலிற் பதிவுசெய்துள்ளார். நமது மலைகள் அந்தீஸ் அளவுக்கு உயர்ந்தவையல்ல. ஆயினும் கந்தப்பளையிலோ இராகலையிலோ கடலை வேகாதபோது பழைய கடலை என்று கடைக்காரரை நொந்துகொள்பவர்கள், மலையின் உயரத்துக்கும் அதிற் பங்குண்டு என்பதை அறிந்திருப்பது நல்லது.

பிரெஷர் குக்கர் இக்குறையை நேரடியாகத் தீர்க்கும் கருவியாகும். மூடியை இறுக மூடி நீராவியை உள்ளே அடைத்தால் அமுக்கம் உயரும். அமுக்கம் உயர்ந்தால் நீர் கொதிக்கும் வெப்பநிலையும் உயரும். 1679 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞரான டெனி பப்பான் இந்தத் தத்துவத்தில் ஒரு கலனை உருவாக்கினார். அது வெடித்துவிடாதிருக்க அவர் பொருத்திய பாதுகாப்பு வால்வே இன்றைய குக்கர்களின் வால்வுகளுக்கு முன்னோடியாகும். 1950களின் இறுதியில் ஹோக்கின்ஸ், பிரெஸ்டீஜ் ஆகிய பெயர்களில் இந்தியாவில் உற்பத்தி தொடங்கியதன் பின்னர் தென்னாசிய வீடுகளில் குக்கரின் விசிற் சத்தம் பழகிப்போனது. மின்சாரப் பிரெஷர் குக்கர் மிகவும் பிந்தியது. 1991 ஆம் ஆண்டில் சீனாவில் அதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. 2010 ஆம் ஆண்டில் கனடாவிலிருந்து வெளிவந்த இன்ஸ்டன்ட் பொட் அதனை உலகெங்கும் பரப்பியது.

அடுப்பில் வைக்கும் குக்கரில் அமுக்கத்தைக் கட்டுப்படுத்துவது மூடியின் மேலுள்ள பாரமாகும். உள்ளிருக்கும் நீராவி அப்பாரத்தைத் தூக்குமளவுக்கு அமுக்கம் உயர்ந்ததும் விசில் எழுகின்றது. அப்போது நெருப்பைக் குறைக்க வேண்டும். நேரத்தைக் கணக்கிட வேண்டியதும் இறக்க வேண்டியதும் சமைப்பவரே. மின்சாரக் குக்கரில் இவ்வேலைகளை உள்ளிருக்கும் உணர்கருவியும் நேரக்கணிப்பானும் செய்கின்றன. தேவையான வெப்பம் எட்டியதும் மின்சாரம் தானே நிற்கும். குறைந்தால் மீண்டும் பாயும். நேரம் முடிந்ததும் சூட்டைப் பேணும் நிலைக்கு மாறும். உள்ளே அமுக்கம் இருக்கும்வரை மூடி திறபடாது. பாத்திரத்தைச் சுற்றி வெளிக்கூடு இருப்பதால் வெப்பம் வீணாவதும் குறைவு.

இரண்டும் ஒரே வெப்பநிலையில் வேலைசெய்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அடுப்பில் வைக்கும் குக்கர்களிற் பெரும்பாலானவை வெளி அமுக்கத்துக்கு மேலதிகமாக ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் அமுக்கத்தில் இயங்குகின்றன. கடல்மட்டத்தில் இது 120 பாகையளவு வெப்பத்தைத் தரும். மின்சாரக் குக்கர்கள் பலவற்றில் மேலதிக அமுக்கம் 70 அல்லது 80 கிலோபாஸ்கல் மட்டுமே. வெளி அமுக்கமே குறைந்த நுவரெலியாவில் முதலாவது வகையில் ஏறத்தாழ 117 பாகையும் இரண்டாவது வகையில் 112 அல்லது 113 பாகையும் கிடைக்கும். ஆகவே மின்சாரக் குக்கருடன் வரும் கையேட்டிற் குறிப்பிட்டுள்ள நேரம் மலையகத்துக்குப் போதாது. நுவரெலியாவில் ஐந்திலொரு பங்கும் ஹட்டனில் பத்திலொரு பங்கும் நேரத்தைக் கூட்டினால் சரியாக அமையும். இதனை அறியாது, புதிய குக்கர் பழுது எனக் கடைக்குத் திருப்பிக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை.

எனினும் திறந்த பானையோடு ஒப்பிடும்போது இவ்வைந்து பாகை வேறுபாடு பெரிதன்று. வெப்பநிலை பத்துப் பாகை உயரும்போது வேகும் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொதுவான கணக்கு. 94 பாகையிலிருந்து 112 பாகைக்குச் சென்றாலே சமையல் நேரம் மூன்றிலொன்று அல்லது நாலிலொன்றாகக் குறைந்துவிடும். லயன் வீடுகளில் இன்று பரவலாகக் காணப்படும் ரைஸ் குக்கர் இந்தப் பயனைத் தராது. அதில் அமுக்கம் உயர்வதில்லை. அது 94 பாகையிலேயே வேலைசெய்யும் ஒரு மின்சாரப் பானை. சோற்றுக்கு அது போதும். கடலைக்கும் கௌபிக்கும் இறைச்சிக்கும் போதாது. பெயரில் குக்கர் இருப்பதால் இரண்டும் ஒன்றென எண்ணி ஏமாறுவோர் உண்டு.

அடுத்தது விறகு. தோட்டங்களில் இன்றும் அடுப்பெரிப்பது கவ்வாத்துக் காலத்தில் வெட்டப்படும் தேயிலை மிலாறும், நிழல் மரங்களின் கிளைகளுமேயாகும். கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும் பெண்கள் விறகுக் கட்டைச் சுமந்துகொண்டு மலையிறங்குவதை இப்பகுதியில் எவரும் காணலாம். இவ்விறகுக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பதால் அது இலவசம் எனக் கருதப்படுகின்றது. சேகரிக்கும் நேரமும் சுமக்கும் முதுகும் கணக்கில் வருவதில்லை. கற்களைக் கூட்டிய சாதாரண அடுப்பில் விறகின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து வீதமே பாத்திரத்தைச் சென்றடைகின்றது. எஞ்சியது சுவரையும் கூரையையும் சூடாக்குவதுடன் புகையாகவும் வெளியேறுகின்றது.

அப்புகை எங்கே செல்கின்றது என்பதே பிரச்சினை. பழைய லயன் அறை ஏறத்தாழ பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு. பல வீடுகளில் இந்தக் காம்பிராவுக்குள்ளோ அதனை ஒட்டிய சிறு இடத்திலோ அடுப்பு எரிகின்றது. குளிரின் காரணமாகக் கதவும் சன்னலும் மூடப்பட்டிருக்கும் விடிகாலையிலும் இரவிலுமே சமையல் நடைபெறுகின்றது. திண்ம எரிபொருளையும் மண்ணெண்ணெயையும் கொண்டு வீட்டினுட் சமைப்பதால் உண்டாகும் மாசினால் 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் அகாலமரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அடுப்பின் முன் அதிக நேரம் இருப்பவர் தாய். அவரது மடியிலும் அருகிலும் இருப்பவர் குழந்தை. மலையகத்தில் இருமலைக் குளிரின் மேற் சுமத்திவிடும் வழக்கம் உண்டு. புகையின் பங்கு பேசப்படுவதில்லை.

இந்நிலையில், அடுப்பில் வைக்கும் குக்கரை விறகடுப்பிற் பயன்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். விறகு மிச்சமாகும், புகை எழும் நேரமும் குறையும். ஒரு மணி நேரம் எரிய வேண்டிய அடுப்பு இருபது நிமிடத்தில் அணையுமானால் அது பெரிய ஆறுதலே. ஆனால் அந்தக் குக்கர் நெருப்பைக் கூட்டிக் குறைக்கக்கூடிய எரிவாயு அல்லது மண்ணெண்ணெய் அடுப்புக்கென அமைக்கப்பட்டது. விசில் வந்ததும் விறகைப் பின்னிழுத்தாலும் தணல் தணிவதற்கு நேரமாகும். சுவாலை பக்கங்களில் எழுந்து கைபிடியைக் கருக்கும். மூடியின் இறப்பர் வளையத்தை விரைவிற் காய்ந்து வெடிக்கச் செய்யும். வளையம் பழுதடைந்ததும் ஆவி கசியும்; குக்கர் வெறும் பானையாகிவிடும். நகரத்தில் புதிய வளையம் வாங்கும்வரை அது பரணில் இருக்கும். விறகடுப்பில் இக்குக்கரை வைப்பவர்கள் அனல் தணிந்த தணலில் வைப்பதும், வளையமொன்றை மேலதிகமாக வாங்கி வைத்திருப்பதும் நன்று.

எரிவாயு அடுப்பு இருந்தால் இச்சிக்கல்கள் இல்லை. எரிவாயுவை நம்பியிருப்பதன் விலையையும் நாம் அண்மையிற் கண்டோம். 2021 ஒக்டோபரில் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ லிட்ரோ சிலிண்டர் 2,675 ரூபாவாகியது. அவ்வருட இறுதியில் எரிவாயுக் கலவையின் மாற்றம் குறித்த கேள்விகளுக்கிடையே நாடெங்கும் அடுப்புத் தீ விபத்துகள் பதிவாகின. 2022 ஏப்ரலில் அதே சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு உயர்ந்தது. அந்த விலைக்கும் பலநாட்கள் கிடைக்கவில்லை. அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா. ஒரு சிலிண்டர் ஐந்து நாள் உழைப்பை விழுங்கியது. அந்நாட்களில் நகரவாசிகள் விறகு தேடி அலைந்தனர். லயன்களில் அடுப்பு அணையவில்லை. விறகடுப்பை முற்றாகக் கைவிடுமாறு எவர் கூறினாலும் மலையக மக்கள் தயங்குவதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாகும்.

மின்சாரமும் அந்நெருக்கடியிலிருந்து தப்பவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டு நடைமுறைப்படுத்தப்பட்டது. அவ்வருடம் ஆகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 வீதத்தாலும் உயர்ந்தது. 2024 இலும் 2025 ஜனவரியிலும் குறைக்கப்பட்ட கட்டணம் 2025 ஜூனில் 15 வீதத்தால் உயர்த்தப்பட்டது. இவ்வாறு ஏறியிறங்கும் கட்டணத்தை நம்பிப் புதிய சாதனமொன்றை வாங்குவது எங்ஙனம் என்ற அச்சம் நியாயமானது.

ஆயினும் இங்கு கணக்குப் பார்ப்பது நல்லது. 1,000 வோட் மின்சாரக் குக்கர் ஒரு மணி நேரம் இடைவிடாது இயங்கினால் ஓர் அலகு செலவாகும். ஆனால் அது இடைவிடாது இயங்குவதில்லை. அமுக்கம் ஏறும்வரை சுமார் பத்துப் பதினைந்து நிமிடங்களே முழு வலுவையும் எடுக்கின்றது. பின்னர் இடையிடையே மட்டும் எடுக்கின்றது. ஒரு குடும்பத்துக்கான பருப்போ கடலையோ சமைக்க ஏறத்தாழ கால் அலகு போதும். நாளுக்கு இருமுறை பயன்படுத்தினால் மாதத்துக்குப் பதினைந்து அலகு. இது பெரிய தொகையன்று.

எனினும் வீட்டுப் பாவனைக் கட்டண அமைப்பில் மாதத்துக்கு 60 அலகு என்பது ஒரு எல்லைக்கோடாக இருந்துவருகின்றது. அதனைத் தாண்டினால் மேலதிக அலகுகளுக்கு மட்டுமன்றி முதல் அலகுகளுக்கும் கூடிய வீதம் அறவிடப்படுகின்றது. ஐம்பது அலகு பாவிக்கும் குடும்பம் பதினைந்து அலகைச் சேர்த்தால் அக்கோட்டைத் தாண்டிவிடும். ஆகவே மின்சாரக் குக்கரை வாங்குமுன் கடந்த சில மாதங்களின் மின்பட்டியலை எடுத்துப் பார்ப்பது அவசியம். முப்பது, நாற்பது அலகு பாவிப்போர் அச்சமின்றி வாங்கலாம். எல்லையை ஒட்டி நிற்போர், ரைஸ் குக்கர் செய்யும் வேலையையும் இதற்கே ஒப்படைத்து, கூடும் அலகுகளை ஓரளவு ஈடுசெய்யலாம்.

மூன்றாவதும் மிகப் பாரதூரமானதுமான விடயம் மின்கம்பியமைப்பு. 230 வோல்ற்றில் 1,000 வோட் குக்கர் நாலரை அம்பியருக்குச் சற்றுக் குறைவான மின்னோட்டத்தை எடுக்கும். ஐந்து அம்பியர் துளையொன்றுக்கு அது ஏறத்தாழ முழுச் சுமை. அதே நீட்சிக் கம்பியில் மின் கேத்தலையும் பொருத்தினால் மின்னோட்டம் பத்து அம்பியரைத் தாண்டும். மின்குமிழுக்கும் வானொலிக்குமெனப் பல ஆண்டுகளுக்கு முன் இழுக்கப்பட்ட கம்பி அதனைத் தாங்காது. பக்கத்து அறையிலிருந்து இழுத்த இணைப்பாயின் ஆபத்து இன்னும் அதிகம். லயன்கள் ஒரே கூரையின் கீழ் அடுக்காக அமைந்தவை. ஓர் அறையில் மின்னொழுக்கினாற் பற்றும் தீ மற்ற அறைகளுக்குத் தாவ நீண்ட நேரம் எடுக்காது. லயன் தீ விபத்துகள் பற்றிய செய்திகளில் மின்னொழுக்கு என்ற சொல் அடிக்கடி இடம்பெறுவதை நமது வாசகர்கள் அறிவர். உடுத்த உடையுடன் பாடசாலையிலோ கோயில் மண்டபத்திலோ தங்கவைக்கப்படும் குடும்பங்களின் துயரம் இந்நாட்டுக்குப் புதிதன்று.

இங்கு குக்கர் பற்றிய கேள்வி வீட்டுரிமை பற்றிய கேள்வியாகின்றது. 1970களில் அரசுடைமையாக்கப்பட்ட தோட்டங்களின் முகாமைத்துவம் 1992 இல் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் லயன் அறை அதில் வாழ்பவருக்குச் சொந்தமில்லை. தனக்குச் சொந்தமில்லாத சுவரில் எவர் பணம் செலவிட்டுப் புதிய கம்பியிழுப்பார்? தன் சொத்தென்று கூறும் கம்பனியோ அதனைத் தன் கடமையென ஏற்பதில்லை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி அறிவித்த 10,000 வீடுகள் உள்ளிட்ட தனிவீட்டுத் திட்டங்கள் இதற்கு நிரந்தரத் தீர்வாகக்கூடியவை. தனிவீட்டில் தனி மின்மானியும் முறையான கம்பியமைப்பும் கிடைக்கும். ஆனால் தனிவீடு கிடைக்கும் வரிசை நீளமானது. அதுவரை லயனில் வாழ்பவர்களின் பாதுகாப்பை ஒத்திவைக்க முடியாது.

இதில் ஒரு முரண்பாடும் உண்டு. இந்நாட்டின் பெரும் நீர்மின் நிலையங்களில் முதன்மையானது 1950 இல் லக்சபானவில் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் 1960களில் எழுந்தன. தலவாக்கலையில் 150 மெகாவோட் மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் நிறைவுற்றது. தேயிலை மலைகளில் விழும் மழையே நாட்டின் விளக்குகளை எரியவைக்கின்றது. அம்மழையில் நனைந்து கொழுந்து பறிப்பவரின் வீட்டில், அந்த மின்சாரத்தில் ஒரு பானை பருப்பை அச்சமின்றி வேகவைக்கக்கூடிய கம்பி இல்லை என்பது நாட்டுக்குப் பெருமை தருவதன்று.

நம்மைப் போலவே தேயிலை விளையும் உயர்நிலங்களைக் கொண்ட கென்யாவில், அந்நாட்டு மின்விநியோக நிறுவனமே பிகா நா பவர் என்ற பெயரில் மின்சாரத்திற் சமைக்கக் கற்பிக்கும் இயக்கமொன்றை நடத்தியது. அவரையினங்கள் போன்று நீண்ட நேரம் வேகவேண்டிய உணவுகளுக்கு மின்சாரப் பிரெஷர் குக்கர் சாதாரண மின்னடுப்பைவிட மிகக் குறைந்த மின்சாரத்தையே எடுக்கின்றது என்பது ஆபிரிக்க நாடுகள் சிலவற்றில் நடத்தப்பட்ட சமையற் பரிசோதனைகளிலும் தெரியவந்தது. மக்கள் பழகிய உணவை அந்தக் குக்கரிலேயே சமைத்துக் காட்டுவது அத்தகைய இயக்கங்களின் நடைமுறை. விளம்பரத்தை நம்பி வாங்கும் நமது மக்களுக்கு அவ்வாறு காட்டுவார் எவருமில்லை.

பழகிய உணவு என்னும்போது ஒன்றைக் கூறாமல் விடமுடியாது. தோட்டத்துக் காலை உணவும் மலைக்குக் கொண்டுசெல்லும் பகலுணவும் பல வீடுகளிற் கோதுமை மா ரொட்டியே. எந்தப் பிரெஷர் குக்கரிலும் ரொட்டி சுட முடியாது. பிள்ளைகளைக் குளிப்பாட்டப் பெரிய பாத்திரத்திற் சுடுநீரும் வேண்டும். மார்கழி, தைக் குளிரில் அடுப்பங்கரையே வீட்டின் கணகணப்பு. ஆகவே மின்சாரக் குக்கர் வந்ததும் விறகடுப்பு மறைந்துவிடும் என எதிர்பார்ப்பது தவறு. அது குறைக்கக்கூடியது மாலைச் சமையலின் நீண்ட புகையையே. அதுவும் சிறிய பயனன்று. விடியுமுன் எழுந்து ரொட்டி சுட்டு, பிள்ளையைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டு, நாள் முழுவதும் மலையில் நின்று, மாலையில் விறகோடு திரும்பும் பெண்ணுக்கு அடுப்பை ஊதாமல் இருக்கக்கூடிய ஒரு மணி நேரம் கிடைக்குமானால் அதன் மதிப்பை அவரே அறிவார். பருப்பைப் போட்டுப் பொத்தானை அழுத்திவிட்டுப் பிள்ளையின் பாடக்கொப்பியைப் பார்க்கலாம். விசிலை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

இவற்றைத் தொகுத்து நோக்கினால் விடை தெளிவாகின்றது. தனி மின்மானி, நிலத்தொடுப்பு, மின்னொழுக்கின்போது தானாகத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச், 13 அம்பியர் துளை ஆகிய நான்கும் உள்ள வீட்டுக்கு மின்சாரப் பிரெஷர் குக்கரே சிறந்தது. அவற்றில் ஒன்றேனும் இல்லாத வீட்டில், குறிப்பாகப் பகிர்ந்துகொண்ட இணைப்பில், அதனை வாங்குதல் ஆகாது. எரிவாயு அடுப்புள்ளவர்களுக்குத் தரமான அலுமினிய அல்லது துருப்பிடிக்காத உருக்குக் குக்கர் விலையிலும் குறைவு, பழுதுபார்ப்பதும் எளிது. விறகடுப்பு மட்டுமே உள்ளவர்கள், மேலே கூறிய கவனத்துடன் அதையே பயன்படுத்தலாம். புதிய சாதனத்துக்குச் செலவிடும் பணம் பல நாட் கூலி. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டு, 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் நாட்கொடுப்பனவை 1,750 ரூபாவாக்க முன்மொழியப்பட்ட போதிலும், அத்தொகையைச் சரியில்லாத கம்பியில் எரித்துவிட முடியாது.

வாங்கியபின் கவனிக்க வேண்டியவையும் சில உள. எவ்வகைக் குக்கராயினும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பலாகாது. நுரைக்கும் பருப்பு, கடலை வகைகளாயின் அரைப் பங்கே எல்லை. ஆவி வெளியேறும் துளையை ஒவ்வொரு முறையும் ஒளியில் பிடித்துப் பார்த்து அடைப்பிருந்தால் நீக்க வேண்டும். அமுக்கம் முற்றாக இறங்குமுன் மூடியை வலிந்து திறப்பதே காயங்களுக்கு முக்கிய காரணம். மின்சாரக் குக்கரின் உட்பாத்திரத்தின் அடிப்புறத்தை ஈரமின்றித் துடைத்த பின்பே உள்ளே வைக்க வேண்டும். வெளிக்கூட்டை நீரில் அமிழ்த்திக் கழுவலாகாது. நீட்சிக் கம்பியின்றி நேரடியாகத் துளையிற் பொருத்த வேண்டும். சமைக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் மூடியைத் திறக்காது விட்டுவிட்டால் உள்ளிருக்கும் வெப்பத்திலேயே பெரும்பகுதி வெந்துவிடும்.

இவை மக்கள் செய்யக்கூடியவை. ஏனையவற்றைச் செய்ய வேண்டியவர்கள் வேறு. லயன்களின் மின்கம்பியமைப்பைத் தோட்டம் தோட்டமாகப் பரிசோதித்து, ட்ரிப் சுவிட்சும் நிலத்தொடுப்பும் இல்லாத வீடுகளைப் பட்டியலிடும் பணியைத் தோட்டக் கம்பனிகளும் மின்விநியோகத்துக்குப் பொறுப்பானவர்களும் இணைந்து செய்யலாம். தனிவீட்டுத் திட்டம் வரும்வரை காத்திராது, தனி மின்மானி கோரும் குடும்பத்துக்குத் தோட்ட நிர்வாகம் தாமதமின்றி இணங்க வேண்டும். புகையடுப்பை விட்டு மின்சாரத்துக்கு மாறும் வறிய குடும்பம் 60 அலகுக் கோட்டைத் தாண்டியதற்காகத் தண்டிக்கப்படலாமா என்பதைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு ஆராய வேண்டும். சம்பளப் பேச்சுவார்த்தைகளிற் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைத் தொழிற்சங்கங்கள் கம்பியமைப்பிலும் காட்ட வேண்டும்.

தீபாவளிக்கு ஒரு குக்கரை வாங்கும் குடும்பம் தன் வருமானத்துக்குள் தன்னாலியன்ற முன்னேற்றத்தைத் தேடுகின்றது. அதனைப் பொருத்துவதற்கு ஆபத்தில்லாத ஒரு துளையைச் சுவரில் அமைத்துக் கொடுப்பது அச்சுவரின் உரிமையாளர்களது கடமையென நாம் வலியுறுத்துகின்றோம்.